லாச்சிக்குள் ஒரு கண்ணாடி

மட்டக்களப்பில் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்தக் கண்ணாடி எத்தினை வருசத்துக்குப் போகும்?" இப்போது வந்தாறுமூலைக் கம்பசுக்குப் போகும் பிள்ளையும், வங்கியில் வேலை பார்ப்பவரும், கலியாணம் பேசி முடிந்த பெண்ணும் கேட்பது வேறு: "லென்ஸ் போடுறது நல்லமா, லேசர் செய்யிறது நல்லமா?" கண்ணாடியை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தாயிற்று, எந்த வழியால் விடுவது என்பதுதான் பாக்கி என்று அந்தக் கேள்வி எடுத்துக்கொள்கிறது. பல வருடங்கள் இந்தத் தொழிலில் இருந்த பிறகு எனக்குத் தோன்றுவது இதற்கு நேர் எதிர். கண்ணாடியை முற்றாகத் தூக்கி எறிந்தவருக்கு லென்ஸும் ஆபத்து, லேசரும் ஆபத்து. சரியான பவரில் ஒரு கண்ணாடியை மேசை லாச்சிக்குள் வைத்திருப்பவருக்குத்தான் இரண்டும் நல்ல வழிகள். கேட்பதற்கு இது முரண்பாடாக இருக்கும். ஆனால் லென்ஸும் லேசரும் எங்கே எங்கே பிழையாகிப் போயின என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் அந்தக் கண்ணாடி இல்லாத இடத்தில்தான் பிழையாகிப் போயிருக்கின்றன.

கொன்டாக்ட் லென்ஸின் கதையை வசதி கூடக் கூட எச்சரிக்கை குறைந்த கதை என்று சொல்லலாம். 1948 இல் கெவின் டூஹி என்ற அமெரிக்கர் கருவிழியின் மேல் மட்டும் உட்காரும் சிறிய பிளாஸ்டிக் லென்ஸைச் செய்தார். இந்தக் கடின லென்ஸ் பழகுவதற்கு வாரக்கணக்கில் எடுக்கும். தூசு பட்டால் உயிர் போகும். அசட்டையான ஆளை அதுவே விரட்டிவிடும். பிறகு செக் நாட்டு வேதியியலாளர் ஒட்டோ விச்சர்லே தண்ணீரை உறிஞ்சும் மென்மையான பொருளைக் கண்டுபிடித்து, 1961 இல் வீட்டு மேசையில் பிள்ளைகளின் விளையாட்டுக் கருவித் தொகுதியைப் பூட்டி அதிலேயே லென்ஸ் வார்த்தார். 1971 இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. மென் லென்ஸ் போட்டவருக்குப் போட்ட நினைவே இருப்பதில்லை. நினைவு இல்லாததால் அதோடு தூங்கினார்கள், முகம் கழுவினார்கள், குளித்தார்கள். கடின லென்ஸ் வலியால் தடுத்துவந்த பிழைகள் எல்லாம் மென் லென்ஸில் சத்தமில்லாமல் நடக்கத் தொடங்கின. எங்கள் கரைக்கு மென் லென்ஸ் பரவலாக வந்தது யுத்தம் ஓய்ந்த பிறகுதான். மற்ற நாடுகள் இருபது வருடம் கண்ணைக் கொடுத்துப் படித்த பாடத்தை நாங்கள் படிக்காமலே பெட்டி பெட்டியாக விற்கத் தொடங்கினோம்.

அந்தப் பாடம் எண்களாகவே இருக்கிறது. 1989 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வுகளின்படி, பகலில் மட்டும் மென் லென்ஸ் போடுபவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் சுமார் 4 பேருக்குக் கருவிழியில் புண் வருகிறது. இரவிலும் கழற்றாமல் போடும் வகை லென்ஸில் அது சுமார் 21. மூடிய இமைக்குக் கீழே ஒட்சிசன் போதாமல் கருவிழியின் மேற்தோல் பலவீனப்படுவதுதான் காரணம் என்று அப்போது நம்பினார்கள். அப்படியானால் ஒட்சிசனை நன்றாகக் கடத்தும் பொருளைச் செய்தால் பிரச்சினை முடிந்தது. 1990களின் முடிவில் சிலிக்கோன் ஹைட்ரஜெல் லென்ஸ் அந்த நம்பிக்கையோடுதான் வந்தது. 2008 இல் அவுஸ்திரேலியா முழுவதையும் எடுத்துச் செய்த ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்துவிட்டது. புதிய பொருளைப் போட்டுக்கொண்டு தூங்கியவர்களிலும் 10,000 க்கு சுமார் 25 பேருக்குப் புண் வந்தது. தினமும் எறிந்துவிடும் லென்ஸைப் பகலில் மட்டும் போட்டவர்களில் அது சுமார் 2. இருபது வருடத் தொழில்நுட்பத்தால் சாதிக்க முடியாததை இரவில் கழற்றி வைக்கும் பழக்கம் சாதிக்கிறது. கழற்றிய பிறகு கட்டில்வரைக்கும், காலையில் கிணற்றடிவரைக்கும் எதைக் கொண்டு பார்த்து நடப்பது? வீட்டில் கண்ணாடி இல்லாதவர் லென்ஸோடு தூங்குவதைச் சோம்பல் என்று மட்டும் சொல்ல முடியாது. அவருக்கு வேறு வழி இல்லை.

தூக்கத்துக்கு அடுத்தது தண்ணீர். வாவியைச் சுற்றி வாழும் எங்களுக்கு இதைச் சொல்லுவது எளிதல்ல. மூன்று மாதம் பாவித்த லென்ஸ் டப்பா ஒன்றை எடுத்து, அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். கிணற்றின் உள்சுவரில் படியும் பாசி போல வழுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பசைப்படலத்துக்குள் சூடோமோனாஸ் போன்ற பற்றீரியாக்கள் கூட்டமாக இருக்கும். மருந்துக் கரைசல் மேலே ஊற்றப்பட்டாலும் அடியில் இருப்பவை தப்பிவிடும். இந்தப் பற்றீரியாவைத் தின்று வாழ்வது அகந்தமீபா என்ற ஒற்றைக்கல உயிர். கிணறு, குளம், குழாய், வீட்டுக்கு மேலே ஏற்றிய தண்ணீர்த் தாங்கி என்று எங்கும் இருக்கும். நிலைமை பிடிக்காவிட்டால் கோது கட்டிக்கொண்டு கிடக்கும், குளோரின் போட்டாலும் சாகாது. 1980களில் அமெரிக்காவில் உப்புக் குளிசையைத் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் கரைசல் செய்தவர்கள்தான் இதனால் வரும் கருவிழி நோயால் கூட்டமாகப் பாதிக்கப்பட்டார்கள். பிரித்தானியாவில் இந்த நோய் மற்ற நாடுகளைவிடக் கூடுதலாக இருப்பதற்கு வீட்டுக் கூரைத் தாங்கிகளில் தேங்கும் தண்ணீரை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். எங்கள் வீடுகளின் கறுப்புத் தாங்கிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழியில் மாமாங்கத் தீர்த்தமாடுகிறவரும், ஐந்து வேளையும் வுழூச் செய்கிறவரும், பின்னேரம் கல்லடிக் கடலில் இறங்குகிற இளைஞரும் தண்ணீரைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கச் சொல்லவும் கூடாது. முழுகப் போகும் முன் லென்ஸைக் கழற்றிக் கண்ணாடியை மாட்டலாம். வுழூவுக்கு முகம் கழுவும்போது கண்ணை இறுக மூடலாம். லென்ஸைத் தொடும் முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்கலாம். லென்ஸும் டப்பாவும் மட்டும் எந்தத் தண்ணீரையும் தொடக் கூடாது. கொதித்தாறிய தண்ணீருக்கும் இதே சட்டம்தான்.

போத்தலில் வரும் கரைசலை வாங்கிவிட்டால் கவலை இல்லை என்று ஒரு காலம் நம்பினோம். 2005, 2006 இல் ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் லென்ஸ் போடுபவர்களின் கருவிழியில் பியூசேரியம் என்ற பங்கசு வழக்கத்துக்கு மாறாகத் தெரியத் தொடங்கியது. அமெரிக்காவிலும் அதே கதை. ரெனு மொயிஸ்ச்சர்லொக் என்ற கரைசலோடு தொடர்பு தெரியவந்து, 2006 மே மாதம் அது உலகம் முழுவதிலும் இருந்து திரும்பப் பெறப்பட்டது. அடுத்த வருடம் அதே மே மாதத்தில் கொம்ப்ளீற் மொயிஸ்ச்சர்பிளஸ் என்ற இன்னொரு கரைசல் அகந்தமீபாவால் சந்தையை விட்டுப் போனது. சாதாரணப் பரிசோதனைகளில் தேறிய கரைசல்கள் இவை. மனிதர்கள் பாவிக்கும் விதத்தில் தோற்றுப்போயின. பழைய கரைசலைக் கொட்டாமல் அதன் மேலேயே புதியதைச் சேர்ப்பது, டப்பாவை மாதக்கணக்கில் மாற்றாதது, தேய்த்துக் கழுவாமல் ஊறவைத்துவிட்டுப் போவது எல்லாம் அந்த விதத்துக்குள் அடங்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தொட்டது. இறக்குமதிப் போத்தலின் விலையும் கூடவே ஏறியது. அந்த நாட்களில் ஒரு மாத லென்ஸை மூன்று மாதத்துக்கு இழுத்தவர்கள், போத்தலைச் சொட்டுச் சொட்டாகச் சிக்கனம் செய்தவர்கள் எத்தனையோ பேர். காசு இறுகினால் லென்ஸை இழுக்கக் கூடாது, லென்ஸை நிறுத்திக் கண்ணாடிக்குப் போக வேண்டும். அப்படிப் போவதற்குக் கண்ணாடி இருந்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 10,000 இல் 4 பேர் என்றால் அது என்ன பெரிய ஆபத்து, ஓட்டோவில் போவதே அதைவிட ஆபத்து என்பார்கள். அவர்களுக்குச் சார்பாக இன்னொரு எண்ணையும் நானே தருகிறேன். அந்த அவுஸ்திரேலிய ஆய்வில் பார்வையை இழந்தவர்கள் வருடத்துக்கு 10,000 க்கு 0.6 பேர்தான். ஆனால் இது ஒரு வருடத்துக் கணக்கு. பதினெட்டு வயதில் தொடங்குகிறவர் இருபது வருடம் போடுவார். 4 ஐ இருபதால் பெருக்கினால் 10,000 க்கு 80, அதாவது 125 பேரில் ஒருவர். லென்ஸோடு தூங்குகிறவருக்கு, 21 ஐ அதேபோலப் பெருக்கினால், சுமார் 24 பேரில் ஒருவர். அடுத்தது, புண் வந்த பிறகு பார்வை தப்புவது எவ்வளவு விரைவாகச் சரியான வைத்தியரிடம் போகிறோம் என்பதில் தங்கியிருக்கிறது. சூடோமோனாஸ் ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடக் கூடியது. இங்கே கண் சிவந்தால் முதலில் போவது பாமசிக்கு. அங்கே கிடைக்கும் துளி மருந்தில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் சிவப்பு வடியும், உள்ளே பங்கசு வளரும். எங்களைப் போன்ற மண்ணில் பங்கசு சிறிய விசயம் அல்ல. மதுரை மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு வருடம் 113 பேர் கருவிழிப் புண்ணோடு வருவதாக 1990களில் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் அதேபோல எடுத்த கணக்கைவிடப் பத்து மடங்கு அது. தென்னிந்தியப் புண்களில் ஏறக்குறைய பாதி பங்கசால் வருவது. படுவான்கரை வயலில் சூடு அடிக்கும்போது பறக்கும் உமிக்கும், கச்சான் காற்றில் எழும் தூசுக்கும் எங்கள் கண்கள் பழகியவை. அந்தக் கண்ணின் மேல் லென்ஸைப் போடும்போது மேலைநாட்டு எண்ணை அப்படியே நம்பி இருக்க முடியாது.

சாமத்தியச் சடங்குக்கும் கலியாணத்துக்கும் போடும் நிற லென்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். பவர் இல்லாத லென்ஸ் என்பதால் அதை லிப்ஸ்டிக் போல ஒரு அலங்காரப் பொருள் என்று நினைக்கிறார்கள். கண் அளவு பார்க்காமல் விற்கிறார்கள், ஒரு மணப்பெண்ணின் கண்ணிலிருந்து கழற்றியதை அடுத்தவருக்குப் போடும் இடங்களும் உண்டு. பிரான்சில் செய்த ஓர் ஆய்வு, இப்படியான அலங்கார லென்ஸ் போடுபவர்களுக்குக் கிருமிப் புண் வரும் வாய்ப்பு சுமார் 16 மடங்கு என்று காட்டியது. அமெரிக்கா 2005 இலேயே எல்லா லென்ஸையும் மருத்துவச் சாதனமாக்கி, மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பதைத் தடுத்தது. இலங்கையில் மருத்துவச் சாதனங்களைக் கட்டுப்படுத்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் இருக்கின்றன. ஆனால் எந்தச் சட்டமும் மணப்பெண் அறைக்குள் வந்து நிற்காது. அங்கே காவல் தாயும் அலங்கரிக்கும் பெண்ணும்தான்.

இவ்வளவும் கேட்டவர் அடுத்ததாகச் சொல்வது: "அப்ப லேசரையே செய்துடுவோம்." இந்த வாதத்திலும் பலம் இருக்கிறது. லேசரைக் கண்ணுக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னால் நிற்பவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் ஐபிஎம் ஆய்வுகூடத்து எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தபோது, பக்கத்துத் திசு கருகாமல் வெட்டு மட்டும் சுத்தமாக விழுந்தது. பிறகு கண் வைத்தியர் ஸ்டீவன் ட்ரோக்கல் அதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார். 1990 அளவில் கிரீசில் இயோனிஸ் பல்லிக்காரிஸ் மடல் வெட்டித் திறந்து உள்ளே லேசர் பாய்ச்சும் லாசிக் முறையைத் தொடங்கினார். ஸ்பெயினில் லாசிக் செய்த 2 லட்சத்துக்கும் அதிகமான கண்களைப் பார்த்ததில் கிருமித் தொற்று வந்தது 10,000 கண்களுக்கு 3.5 தான். லென்ஸ் ஒவ்வொரு வருடமும் கேட்கும் ஆபத்தை லேசர் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கிறது. லென்ஸைச் சுத்தமாகப் பராமரிக்க மாட்டேன் என்று தன்னைத் தெரிந்த ஒருவருக்கு, தொற்றை மட்டும் வைத்துப் பார்த்தால், லேசர்தான் பாதுகாப்பு. இதை மறைத்து லென்ஸ் விற்பது நேர்மை அல்ல.

ஆனால் லேசரின் விலை தொற்றில் இல்லை, தடிப்பில் இருக்கிறது. கருவிழியின் நடுத்தடிப்பு அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட, சுமார் 540 மைக்ரோன். ஒரு பவர் குறைக்க ஏறக்குறைய 15 மைக்ரோன் போகும். கிட்டப்பார்வை 6 என்றால் 90. மடலுக்கு 110. கழித்தால் மீதி 340, போதும். இப்போது 500 மைக்ரோன் தடிப்பும் 10 பவரும் உள்ள கண்ணை எடுங்கள். 150 உம் 110 உம் போக மிஞ்சுவது 240. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பொது வழக்கு, பலர் 300 கேட்பார்கள். அதற்குக் கீழே போனால் கருவிழி மெல்ல மெல்ல முன்னுக்குப் பிதுங்கும் அபாயம் உண்டு. 1998 இலேயே இதை எழுதிவிட்டார்கள். ஒவ்வாமையால் சிறுவயது முதல் கண்ணைக் கசக்கிக் கசக்கிக் கருவிழி கூம்பாகத் தொடங்கியவர்கள் எங்கள் பக்கம் குறைவில்லை. அவர்களுக்கு லேசர் விசமாகும். இதைக் கண்டுபிடிப்பது கருவிழியின் வரைபடம். மேடு சிவப்பாகவும் பள்ளம் நீலமாகவும் விழும் அந்தப் படத்தில் கீழ்ப்பக்கம் ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். ஆனால் படம் உண்மை சொல்ல, மென் லென்ஸ் என்றால் இரண்டு வாரம், கடின லென்ஸ் என்றால் நான்கு வாரம் முன்பே கழற்றியிருக்க வேண்டும். லென்ஸ் அழுத்திய கருவிழி வேறு உருவம் காட்டும். இரண்டு வாரம் கண்ணாடியோடு வேலைக்குப் போக முடியாதவர் நேற்றுத்தான் கழற்றியதை ஒரு மாதம் என்று சொல்லிவிடுவார். அந்தப் பொய்யின் மேல் லேசர் அளவு வைக்கப்படும். இங்கேயும் பிழை தொடங்குவது இல்லாத கண்ணாடியில்தான்.

லேசர் செய்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் திருப்தியாகவே இருக்கிறார்கள். ஆனால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பங்கெடுத்து 2017 இல் வெளிவந்த ஆய்வில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 வீதம் வரையானோர் மூன்று மாதத்தில் ஒளிவட்டம், கண்கூச்சம் போன்ற ஏதாவது ஒரு புதிய குறையைச் சொன்னார்கள். கண் வறட்சி இல்லாதவர்களில் 30 வீதம் வரை வறட்சி சொன்னார்கள். அன்றாட வேலையே செய்ய முடியாதபடி துன்பப்பட்டவர்கள் 1 வீதத்துக்கும் குறைவு. இந்த எண்களை மட்டக்களப்புக்குக் கொண்டுவாருங்கள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும்போது நல்ல கண்ணே காயும். இரவில் எதிரே வரும் லொறி வெளிச்சத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு ஒளிவட்டம் சின்ன விசயம் அல்ல. சத்திரசிகிச்சை கொழும்பிலோ, கடல் கடந்து மதுரையிலோ சென்னையிலோ நடக்கும். அடுத்த நாள், அடுத்த கிழமை, அடுத்த மாதம் என்று காட்ட வேண்டிய கண் முந்நூறு கிலோமீற்றருக்கு இப்பால் இருக்கும். மடல் மடிந்தாலும், கிருமி பிடித்தாலும், மணித்தியாலங்கள்தான் கணக்கு. எனவே வயல் வெட்டு முடிந்து, காற்று அடங்கிய மாதத்தைத் தெரிவு செய்து, குறைந்தது ஒரு கிழமை அங்கேயே தங்கக்கூடியவர் செய்யட்டும். இரவு பஸ்ஸில் போய் அடுத்த இரவு பஸ்ஸில் திரும்ப நினைப்பவர் பொறுக்கட்டும்.

நாற்பது வயதில் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும், லேசர் செய்தவருக்கும். கிட்டப்பார்வைக்காரர் அந்த வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பத்திரிகை வாசிக்கும் வசதியை லேசர் எடுத்துவிடுகிறது. இதை இருபத்தைந்து வயதில் சொன்னால் யாருக்கும் காதில் ஏறாது. அறுபதில் கண்புரை வரும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடுவதும் கடினமாகும். லேசருக்கு முந்திய பவரும் கருவிழி அளவும் எழுதிய தாளைத் தொலைத்தவருக்கு இன்னும் கடினம். காணி உறுதியோடு சேர்த்து வைக்க வேண்டிய தாள் அது.

"நீங்கள் கண்ணாடி விற்கிறவர், அதனால்தான் இப்படிச் சொல்கிறீர்கள்" என்பது கடைசி மறுப்பு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கணக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. ஒரு கண்ணாடியை விற்றால் இரண்டு, மூன்று வருடத்துக்கு அந்த ஆள் கடைப்பக்கம் வரமாட்டார். லென்ஸ் விற்றால் மாதாமாதம் பெட்டிக்கும் போத்தலுக்கும் வருவார். கண்ணாடி மட்டுமே போதும் என்றும் நான் சொல்லவில்லை. கருவிழி கூம்பானவருக்குக் கடின லென்ஸ்தான் பார்வை. ஒரு கண் 1, மறு கண் 8 என்று இருப்பவருக்குக் கண்ணாடி தலையிடியைத்தான் தரும். கண்ணாடி போட்ட பெண் என்பதற்காக ஒரு சம்பந்தம் தட்டிப் போகும் ஊரில், கண்ணாடியைக் கழற்ற நினைப்பதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கவும் முடியாது. கழற்றுங்கள். எறியாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது.

கருவிழியின் அருமை இந்த நாட்டுக்குத் தெரியாதது அல்ல. 1961 இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான சங்கம் 1964 இல் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது, அதன் பிறகு உலகின் பல நாடுகளில் பல்லாயிரம் பேர் இலங்கையர் கொடுத்த கருவிழியால் பார்க்கிறார்கள். ஆனால் கொடையாகக் கிடைத்த கருவிழி பழைய கண் ஆகாது. தையல், வருடக்கணக்கில் துளி மருந்து, உடல் ஏற்காமல் போகும் பயம் எல்லாம் அதோடு வரும். அதனால் லென்ஸா லேசரா என்று கேட்பவரிடம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது இது: "வீட்டில் கண்ணாடி இருக்கா? கடைசியா எப்ப பவர் பார்த்தது?" கண் சிவந்த இரவில் லென்ஸைக் கழற்றிவிட்டு, லாச்சியைத் திறந்து, மறுநாள் காலை போதனா வைத்தியசாலைக்குப் பார்த்து நடந்துபோகக் கூடியவருக்கு எந்த வழியையும் எழுதிக் கொடுக்கலாம். மற்றவருக்கு முதலில் கண்ணாடி ஒன்றைச் செய்து கொடுப்போம். சாதாரண ஒன்று போதும்.